ஒரு ஓட்டு, ஒரு கிளாஸ் மோர்

ஐயோ, அந்தச் சேர்ல உக்காராதீங்க சார், அதுக்கு ஒரு காலு நொண்டி. போன பௌர்ணமிக்கு ஒரு சித்தூர்காரரு அதுல உக்காந்து, அருணாச்சலான்னு அப்டியே மல்லாந்துட்டாரு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ம், இப்ப கேளுங்க. வீடியோல இருக்கறது நீங்கதானான்னுதானே கேட்டீங்க? நான்தான் சார். பாஞ்சாலை. இந்த மோர்க்கடை என்னுதுதான். கையில சொம்பு, இடுப்புல சொருகின முந்தானை, அந்தக் கொரலு, எல்லாம் நான்தான். என்ன, நேர்ல இருக்கறதுக்கு அதுல கொஞ்சம் குண்டாத் தெரியறேன்.

ஆமா சார், ஒத்துக்கறேன். சித்ரா பௌர்ணமி அன்னிக்கு, தோ இதே எடத்துல நின்னுக்கினு, மலை சுத்த வந்த ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டேன். எம்பொண்ணு தென்றல் பந்து வெளையாடறா, அவளுக்கு அவார்டு கெடைக்கணும், ஒரு ஓட்டு போடுங்க, ஒரு கிளாஸ் மோர் சும்மா தரேன்னு சொன்னேன். பூசி மெழுகறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நீங்களும் பாவம், சென்னையிலேருந்து பஸ்ஸு ஏறி வந்திருக்கீங்க. லீக் ஆபீஸ்ல விசாரிக்கச் சொன்னாங்கன்றீங்க. இந்த வீடியோவைப் பாத்துட்டு இன்னொரு டீமு புகார் குடுத்திருக்குது, நெசம்னா அவார்டைத் திருப்பி வாங்கிடுவோம்ன்றீங்க. இருங்க, மொதல்ல ஒரு மோர் குடிங்க. பயப்படாதீங்க, இதுக்கு ஓட்டு கேக்க மாட்டேன்.

நீங்க அவளைக் கிரவுண்டுல பாத்திருப்பீங்க. வீட்ல பாத்ததில்லையே. ஒம்பதாவது படிக்கறப்பவே எங்கூட்டு நெலைப்படி அவ நெத்தியில இடிக்கும். இவளுக்கு மாப்பிள்ளை தேட ஏணி வெச்சுக்கினுதான் போகணும்னு ராஜம்மா சொல்லுவா. ராஜம்மாள், பக்கத்துல தேங்கா, சூடம் விக்கிறாளே அவதான். இந்த அடி அண்ணாமலை ஊருக்கே வாயி அவதான். எங்க பி.டி. சாருதான் இந்த ஒயரத்தை வீணாக்கக் கூடாதுன்னு பாஸ்கெட்பால்ல போட்டாரு. அப்பால அதுலயே காலேஜி சீட்டு, அதுலயே உங்க லீக்கு. சம்பளம் குடுத்துப் பந்தாடக் கூப்புடறாங்கன்னதும் எங்கூட்டுக்காரரு நம்பவே இல்ல. யாரோ ஏமாத்தறானுங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதன்னுட்டாரு. அவரு பேரு காசி. நெல்லு வெவசாயம். மழையையே நம்பாத மனுஷன், உங்களையா நம்பப் போறாரு?

மொத வருஷம் அவரு பேச்சுதான் நெசமோன்னு எனக்கே டவுட்டு வந்துடுச்சு சார். போனை இந்த எலுமிச்சம்பழக் கூடை மேல சாத்தி வெச்சு, போறவங்க வரவங்களை எல்லாம் நிக்க வெச்சு மேட்ச் காட்டுவேன். எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு. எங்க தெரியறா? மேட்ச் முச்சூடும் பெஞ்சுல உக்காந்திருப்பா. கேமரா ஓடறப்ப அவ முட்டி ஒண்டி தெரியும். நான் அந்த முட்டியைக் காட்டி, தோ அதான்னு சொல்லுவேன். எவளாவது வேர்த்துப் போய் வந்தா எழுந்து துண்டு குடுப்பா, தண்ணி குடுப்பா. ராஜம்மா கேட்டா, ஏண்டி பாஞ்சாலை, உம்பொண்ணு ஆடறாளா, இல்ல சப்ளையர் வேலைக்குப் போயிருக்காளான்னு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. 

ஒரு நாளு எறக்கினாங்க சார். மேட்ச் எப்டியும் தோத்தாச்சு, இனிமே யாரு ஆடினா என்னான்ற நேரத்துல. பந்து இவ கைக்கு வந்துச்சு. தூக்கிப் போட்டா பாருங்க, அது ரிங்கு, போர்டு எல்லாத்தையும் தாண்டி, போட்டோ புடிக்கறவங்க உக்காந்திருப்பாங்களே அங்க போய் வுழுந்துச்சு. ஜனம் கொல்லுன்னு சிரிக்குது. நான் சட்டுனு போனைக் கவுத்துட்டு, டவர் போயிடுச்சுன்னுட்டேன். அன்னிக்கு அவளுக்குப் போன் பண்ணப்ப, பாத்தியாம்மான்னு கேட்டா. இல்லடி, இங்க கரெண்டே இல்லன்னு சொன்னேன். நல்லவேளைன்னா.

லீவுக்கு வந்தவ தலை நிமிராம வந்தா. வலது கையில மட்டும் ஆடறே, எதிராளிக்கு உன்னைப் புடிக்கறது ரொம்பச் சுளுவு, இடது கையைப் பழக்கினு வந்தா பாக்கலாம், இல்லாட்டி வேற வேலை தேடிக்கன்னு கோச்சு சொல்லி அனுப்பியிருக்காங்க. சரின்னு இவ என்னா பண்ணா தெரியுமா? அன்னிலேருந்து எல்லாமே இடது கை. பல்லு வெளக்கறது இடது கை, கோலம் போடறது இடது கை, பூட்டு தெறக்கறது, வெங்காயம் நறுக்கறது எல்லாம் இடது கை. சோத்துல ஒண்டி இடது கையை வெச்சா, எங்கூட்டுக்காரரு தட்டைப் புடுங்கிட்டாரு. தூக்கத்துல கொசு கடிச்சாக்கூட இடது கையாலதான் அடிக்கணும்னு வலது கையை தாவணி துணியால கட்டிக்கினு படுப்பா.

வீட்டோட இருந்தாப் பரவால்ல. கடைக்கு வந்து எனக்கு ஒத்தாசை பண்றேன்னு மோரையும் இடது கையாலயே குடுக்க ஆரம்பிச்சுட்டா. கோயிலுக்கு வர ஜனம் சார்! விரதம் இருந்து, செருப்புகூட இல்லாம மலை சுத்திக்கினு வராங்க, அவங்ககிட்ட இடது கையை நீட்டினா வாங்குவாங்களா? ஒரு அம்மா கிளாஸைத் தள்ளிவுட்டுட்டு, மரியாதை தெரியாத புள்ளைன்னு என்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போகுது. நான் அதுக்குப் பின்னாலயே ஓடி, அது இல்லம்மா, அவளுக்கு அது பிராக்டீசும்மான்றேன். மோர் குடுக்கறதுல என்னா பிராக்டீசுன்னு கேக்குது அந்தம்மா. அந்த ரெண்டு மாசம் என் யாவாரம் படுத்துக்கிச்சு. சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுக்குப் போவா. பௌர்ணமின்னா அதைத் தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆக்கிடுவாங்க, ரிங்கு தூணுக்குப் பக்கத்துலயே பஸ்ஸை நிறுத்திடுவாங்க. இவ பஸ்ஸுங்களுக்கு நடுவுல பூந்து பூந்து இடது கையில பந்தைத் தட்டிக்கினு ஓடுவா. டிரைவருங்க எல்லாம் கைதட்டுவாங்களாம்.

பொய் இல்ல சார், அப்பால இந்த வருஷம் நீங்களேதான் பாத்தீங்களே. மொத மேட்ச்லயே எறக்கிட்டாங்க. எதிராளி இவ வலது கையை மறிச்சுக்கினு நிக்கறா, இவ இடது கைக்கு மாத்தி, அப்டியே வழுக்கிக்கினு போய்ப் போட்டா. கூடையில வுழுந்துச்சு. நான் கையில சொம்போட பாத்துக்கினு இருந்தவ, எதிர்ல ஒரு சாமியாருக்கு மோர் ஊத்திக்கினு இருக்கறதை மறந்துட்டேன். கிளாஸ் ரொம்பி, அவரு கை ரொம்பி, காவி எல்லாம் மோரு. அவரு கோவிச்சுக்கல. யாரும்மா அந்தப் பொண்ணுன்னாரு. எம்பொண்ணு சாமின்னேன். சொல்றப்ப அழுதுட்டேன். எதுக்கு அழுதேன்னு தெரியல. போன வருஷம் ஒரு முட்டியைக் காட்டி எம்பொண்ணுன்னவ இல்லையா நானு.

வருஷம் முடியறப்ப கலையரசன் ஓடி வந்தான். மெயின் ரோட்டுல செல்போன் கடை வெச்சிருக்கான். அக்கா, தென்றலை அவார்டு லிஸ்டுல போட்டிருக்காங்க, எல்லாரையும்விட ஜாஸ்தியா முன்னேறின பிளேயருன்னு ஒரு அவார்டாம்னான். இவ எங்ககிட்ட மூச்சு வுடல, பாத்துக்கோங்க. ராஜம்மா ஒடனே, முன்னேறினான்னா முன்ன மக்கா இருந்தான்னுதானே அர்த்தம், இதையும் மேடையில ஏத்திச் சொல்லுவாங்களான்னா. எனக்கும் மொதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. கொஞ்சம் யோசிச்சேன். பொறக்கறப்பவே நல்லா ஆடறவளுக்குக் கப்பு குடுக்கறது பெரிய விஷயமா? துண்டு எடுத்துக் குடுத்தவளுக்குக் குடுக்கறாங்களே, அது பெருசு. அதையே ராஜம்மாகிட்டயும் சொன்னேன். அவ தேங்காயை அடுக்கப் போயிட்டா. அதுவே எனக்கு ஒரு கப்பு வாங்கின மாதிரிதான்.

பாதி மார்க்கு கோச்சுங்க போடறதாம், மீதிப் பாதி பொதுஜன ஓட்டாம். கலையரசன் ஒரு வாட்சப் நம்பரைக் குடுத்து, இதுக்குப் பிளேயர் நம்பரை அடிச்சு அனுப்பணும்க்கா, அவ்ளோதான்னான். எப்ப வரைக்கும்டான்னேன். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் வரைக்கும்னான். சார், எனக்கு மேல சிலிர்த்துப் போச்சு. சித்ரா பௌர்ணமின்னா எங்க ஊர்ல எத்தினி லட்சம் ஜனம்! அத்தினி பேரும் என் கடை வாசல்லதானே போயாகணும்? அண்ணாமலையாரே ஓட்டுச்சாவடிக்கு ஜனத்தை அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. உண்டான பாலை எல்லாம் தோய்ச்சேன். பத்தலைன்னு ஊரெல்லாம் தயிர் வாங்கினேன்.

தப்புன்றீங்க. ஓட்டுக்கு மோர் குடுத்தா தப்பா சார்? எங்க ஊர்ல ஓட்டுக்கு என்னென்னமோ குடுத்தாங்க, அதுக்கெல்லாம் யாரும் ஃபைலைத் தூக்கினு வர்ல. சரி, சரி, எழுதிக்கோங்க. சும்மா சொல்லக் கூடாது, ஜனங்க தங்கம் சார். ஆந்திராக்காரங்க, அம்மாயிக்கா, அதான் பொண்ணுக்கான்னு கேட்டுக் கேட்டுப் போட்டாங்க. சாமியாருங்க எங்கேருந்து ஓட்டுப் போடப் போறாங்கன்னு நெனைச்சேன், அவங்ககிட்டதான் நல்ல போனே இருக்குது. பந்தோபஸ்து போலீசு ஒருத்தரு, டியூட்டில இருக்கேம்மான்னுட்டு, மோரைப் பாத்ததும் போட்டுட்டாரு. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கற ஒரு வெள்ளைக்காரம்மா ஒண்டி, அவ ஆட்டத்தைப் பாத்துட்டுத்தான் போடுவேன்னு நின்னுச்சு. போனைக் கையில குடுத்து, கூட்டத்தை வுட்டுத் தள்ளி உக்கார வெச்சேன். ஒரு பெரியவரு, மத்த பொண்ணுங்க எப்டின்னு தெரியாம எப்டிம்மா ஓட்டுப் போடறதுன்னாரு. மத்த எலெக்‌ஷன்ல எல்லாம் தெரிஞ்சுக்கினா போட்டீங்கன்னேன். சிரிச்சுட்டுப் போட்டாரு. தொண்டை கட்டி, மறுநாளு எனக்குப் பேச்சே வர்ல.

அவார்டு வந்துச்சா? வந்துச்சு. ஊரே திருவிழாவாட்டம் ஆயிடுச்சு. எங்க வார்டு மெம்பரு பேனர் வெச்சாரு, அவரு மூஞ்சி பெருசா, எம்பொண்ணு மூஞ்சி ஓரத்துல ஸ்டாம்பு சைசுல. எங்கூட்டுக்காரரு வயலுக்குப் போற வழியை மாத்திக்கினு அந்தப் பேனர் பக்கமாவே போய்க்கினு இருந்தாரு. அப்பாலதான் எவனோ எடுத்து வெச்சிருந்த இந்த வீடியோ கெளம்புச்சு. மோர் அவார்டாம். மோர் குடுத்து முன்னேறினாளாம். கீழ இன்னும் என்னென்னமோ எழுதறானுங்க, எனக்குப் படிச்சுக் காட்டாதடான்னு கலையரசன்கிட்ட சொல்லிட்டேன்.

தென்றலா? உள்ளதான் இருக்கா. தோ, கடைக்குப் பின்னால அந்தப் பச்சைக் கதவு. அந்த அவார்டு ஷீல்டை நெல்லு மூட்டைக்குள்ள போட்டு வெச்சிருக்கா. யார் கண்ணுலயும் படக் கூடாதாம். உங்ககிட்ட திருப்பிக் குடுக்கத்தான் வெச்சிருக்கா. என்கிட்ட பேச்சு இல்ல. வந்த அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. பெஞ்சுல உக்காந்திருந்தப்பகூட எனக்கு வெக்கமா இல்லம்மா, இப்பதான் வெக்கமா இருக்குதுன்னா. அடுத்த வருஷம் ஆட மாட்டாளாம். பந்தைத் தொட்டே நாளாச்சு, காத்துப் போய்க் கெடக்குது. அவ இடது கைப் பழக்கம்கூட வுட்டுட்டா சார். நேத்து வலது கையாலதான் கோலம் போட்டா.  அவார்டு போனாப் போவட்டும். எம்பொண்ணு, தான் முன்னேறவே இல்லன்னு நெனைச்சுக்கினு உள்ள படுத்திருக்கா. அதை எப்டித் தாங்கறது?

ஐயோ, எழுந்துக்காதீங்க. வேற வழியில்லன்றீங்க, ரிப்போர்ட்டுல உள்ளதை உள்ளபடி எழுதணும்ன்றீங்க. எழுதுங்க. நான் வேணாம்னே சொல்லல. ஆனா முழுசா எழுதுங்க. ஓட்டு கேட்டது நெசம், மோர் குடுத்தது நெசம். அந்த ஓட்டெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தீங்களா? வீடியோவைப் பாத்தீங்க, கணக்கைப் பாத்தீங்களா? அதான் கேட்டேன்.

ஒண்ணுமில்ல சார். எங்க ஊர்ல ஓட்டுன்னா சின்னம். பேரை எவன் படிச்சுக்கினு இருக்கான்? சூரியன், எலைன்னு படத்தைப் பாத்து அழுத்திட்டு வரதுதான். பிளேயர் நம்பரை அனுப்பணும்னு கலையரசன் சொன்னதும், எம்பொண்ணு சின்னம் எனக்குத் தெரியாதான்னு லிஸ்டைக்கூடப் பாக்காம ஓடி வந்துட்டேன். அவ பனியன்ல ஒம்போதுன்னு போட்டிருக்கும். நான் தொவைச்சுக் காய வெச்ச பனியன் சார். அதனால எல்லாரையும் ஒம்போது அடிங்க, ஒம்போது அடிங்கன்னேன். தெலுங்குக்காரங்களுக்குத் தொம்மிதி, தொம்மிதின்னு கத்தினேன். அவார்டு குடுக்கறப்பதான் டீவில அந்த லிஸ்டை ஓட்டு நம்பரோட வரிசையாக் காட்டினாங்க. நாலுக்கு நேரா எம்பொண்ணு மூஞ்சி. ஒம்போதுக்கு நேரா யாரோ கோயம்புத்தூர் டீமு பொண்ணு, சிந்துஜா. அவதான் ரெண்டாவதா வந்தா. ஆந்திரா ஜனங்க எனக்கு இவ்ளோ ஓட்டு ஏன் போட்டாங்கன்னு தெரியல, அவங்களுக்கு ரொம்ப நன்றின்னு மைக்குல சொல்லிச்சு அந்தப் பொண்ணு. இங்க எல்லாரும் கைதட்டிக்கினு இருக்காங்க. நான் அந்த நொண்டிச் சேர்லயே உக்காந்துட்டேன்.

ஆபீசுக்குப் போன் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. நான் வேணா அந்தாண்ட போய் நிக்கறேன்.

என்னா சொன்னாங்க? எல்லாம் ஒம்போதுக்குத்தானே? சிரிங்க சார், எதுக்கு அடக்கிக்கறீங்க, எங்கூட்டுக்காரரும் கேட்டுட்டுப் பொரை ஏற ஏறச் சிரிச்சாரு. ஆனா நெனைச்சுப் பாருங்க. நானும், அண்ணாமலையாரைப் பாக்க வந்த அத்தினி ஜனமும் சேர்ந்து எம்பொண்ணைத் தோக்கடிக்கப் பாத்திருக்கோம். அதையும் மீறி ஜெயிச்சிருக்கா சார். அவளே, அவ ஆட்டத்தாலயே.

நான் ஏன் சொல்லலையா? சொல்லத்தான் அந்தக் கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். நானோ அவரோ சொன்னா நம்ப மாட்டா, சமாதானத்துக்குக் கதை கட்டறோம்னுடுவா. அது ஒரு பக்கம். இன்னொண்ணு, அவ பெஞ்சுல உக்காந்திருந்தப்பகூட ஒரு மேட்ச் வுடாமப் பாத்தவ நானு. தெரிஞ்சோ தெரியாமயோ இன்னொருத்தி ஜெயிக்கணும்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அதை எந்த வாயால பெத்த பொண்ணுகிட்ட சொல்லுவேன்? நீங்க ஆபீஸ்காரரு, ஃபைல் வேற வெச்சிருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவா. போங்க சார், கதவு தெறந்துதான் இருக்குது. தலையைக் குனிஞ்சு போங்க, நெலைப்படி இடிக்கும்.

நானா? நான் வர்ல. நீங்க சொல்லுங்க. அவ சிரிக்கிறாளா, என்னைப் புடிச்சுக் கத்தறாளான்னு நான் இங்கேருந்தே கேட்டுக்கறேன். எதுவா இருந்தாலும் சரி, அவ கொரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு சார்.